போர்க்கால அரசில் யாருக்கு இடம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் 1940-இல் பிரிட்டனில் சர்ச்சில் தலைமையில் அமைந்த அனைத்துக் கட்சி அரசைப் பற்றிப் பேச்சு வந்தது. நேற்று வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள் போர் என்றதும் ஒன்றாக உட்கார்ந்து ஐந்து வருஷம் ஆண்டிருக்கிறார்கள். படிக்கவே ஆச்சரியமாக இருந்தது. 1962-இல் சீனப் போர் வந்தபோது நேரு ஏன் அப்படி ஓர் அரசை அமைக்கவில்லை? நாடு ஆபத்தில் இருக்கும்போது எதிர்க்கட்சி என்று ஒன்று எதற்கு? 'போர்க்காலத்துக்குத் தேவை தேசிய அரசே' என்ற தலைப்பில் தை மாதம் பட்டிமன்றம் நடத்தலாம் என்று இருக்கிறோம். வட்டத்தில் மூத்தவர் ஒருவர் மட்டும், "அந்த அரசு இருந்தப்பதான் குலசேகரப்பட்டினம் கேஸ்ல தூக்குத் தண்டனை கொடுத்தாங்க, தெரியுமாடே?" என்றார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

உங்கள் பெரியவர் சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறார். அவர் சொன்னதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த 1940-ஐக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடுவோம். போர் என்றதும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துவிடவில்லை.

பிரிட்டன் போரில் இறங்கியது 1939 செப்டம்பர் 3. அப்போதைய பிரதமர் சேம்பர்லினின் அரசில் சேர மாட்டோம் என்று எதிர்க்கட்சியான தொழிற்கட்சி வெளியேதான் இருந்தது. எட்டு மாதம் அப்படியே போயிற்று. நார்வேயில் பிரிட்டிஷ் படை தோற்றுத் திரும்பிய பிறகு 1940 மே 7, 8 தேதிகளில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. சேம்பர்லினின் சொந்தக் கட்சிக்காரரான லியோ எமரி எழுந்து, பழைய கிராம்வெல்லின் சொற்களை எடுத்து, "கடவுளின் பெயரால் சொல்கிறேன், போய்விடுங்கள்" என்று பிரதமரின் முகத்துக்கு நேரே சொன்னார். இந்த எமரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். வாக்கெடுப்பில் அரசுக்கு 281, எதிராக 200. இருநூறுக்கு மேல் பெரும்பான்மை வைத்திருந்த அரசுக்கு 81 வாக்குதான் கூடுதலாகக் கிடைத்தது.

மே 10 விடியற்காலையில் ஹிட்லரின் படை ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் நுழைந்தது. இந்த நேரத்தில் ஆளை மாற்றலாமா, நானே இருக்கிறேனே என்று சேம்பர்லின் யோசித்தார். தொழிற்கட்சியின் தலைவர்கள் மாநாட்டுக்காக போர்ன்மத் என்ற கடற்கரை ஊரில் இருந்தார்கள். கட்சித் தலைவர் அட்லி தன் செயற்குழுவிடம் இரண்டே கேள்விகளை வைத்தார். இப்போதுள்ள பிரதமரின் கீழ் சேர்வீர்களா? வேறொருவரின் கீழ் சேர்வீர்களா? முதல் கேள்விக்கு மாட்டோம், இரண்டாவதற்குச் சேர்வோம். அதைத் தொலைபேசியில் லண்டனுக்குச் சொன்னார். அன்று மாலை சர்ச்சில் பிரதமர். எதிரி படை வாசலுக்கு வந்த நாளில்கூட அவர்கள் நிபந்தனையை விடவில்லை. எனக்கு அதில்தான் மரியாதை.

1935 தேர்தலில் தொழிற்கட்சி வென்றது 615-இல் 154 இடம். ஆனால் ஐந்து பேர் கொண்ட போர் அமைச்சரவையில் அட்லி, கிரீன்வுட் என்று இரண்டு இடம் வாங்கினார்கள். அது அலங்காரத்துக்குக் கொடுத்த நாற்காலி இல்லை என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. மே 26 முதல் 28 வரை, பிரான்சின் டன்கிர்க் கரையில் பிரிட்டிஷ் படை சிக்கிக் கிடக்கும்போது, இத்தாலி மூலமாகச் சமாதானத்துக்கு வழி உண்டா என்று பார்க்கலாம் என்றார் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். அவர் சர்ச்சிலின் சொந்தக் கட்சி. அந்த மூன்று நாளும் சர்ச்சிலுக்குத் தோள் கொடுத்தவர்கள் எதிர்க்கட்சியிலிருந்து வந்த அந்த இருவரும்தான். சொந்தக் கட்சிக்காரரைச் சமாளிக்கப் பிரதமருக்குப் போட்டிக் கட்சிக்காரர் தேவைப்பட்டார்.

அப்புறம் எர்னஸ்ட் பெவின். பதினோரு வயதில் பண்ணை வேலைக்குப் போனவர், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர். சர்ச்சில் கூப்பிட்டபோது அவர் எம்.பி.கூட இல்லை. அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக்கி, யாரை வேண்டுமானாலும் எந்த வேலைக்கும் அனுப்பும் அதிகாரத்தைச் சட்டமாகவே கையில் கொடுத்தார்கள். வேலைநிறுத்தத்துக்குத் தடையும் வந்தது. இதையே ஒரு முதலாளி அமைச்சராக வந்து செய்திருந்தால் ஆலைகள் கொந்தளித்திருக்கும். நம்மவர் ஒருவர் உள்ளே இருக்கிறார், நம் சம்பளத்தையும் சாப்பாட்டையும் அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் தொழிலாளி அந்தச் சுமையைத் தூக்கினான்.

அவர்கள் எதிர்க்கட்சி வரிசையையும் காலியாக விடவில்லை. தொழிற்கட்சி ஆட்சியில் சேர்ந்த பிறகும் அதே கட்சியைச் சேர்ந்த லீஸ்-ஸ்மித், அவருக்குப் பின் பெதிக்-லாரன்ஸ், பிறகு அமைச்சரவையிலிருந்து வெளியே வந்த கிரீன்வுட் என்று வரிசையாக ஒருவர் எதிர்க்கட்சித் தலைவரின் வேலையைச் செய்துவந்தார். வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் கோட்டை விழுந்த பிறகு 1942 ஜூலையில் சர்ச்சில் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமே வந்தது. 475-க்கு 25 என்று தோற்றது. தோற்றாலும் இரண்டு நாள் விவாதித்தார்கள். போர் நடுவில் இப்படிக் கேட்கலாமா என்று யாரும் கதவைச் சாத்தவில்லை.

இத்தனையும் அந்தத் தீவுக்குள் நடந்தது. இனி நம் ஊருக்கு வருவோம்.

1939-இல் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் சேர்த்தார். சென்னையில் ராஜாஜி அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அரசுகள் எல்லாம் ராஜினாமா செய்தன. அடுத்த வருஷம் பிரான்ஸ் விழுந்ததும், 1940 ஜூலையில் காங்கிரஸ் இறங்கி வந்தது. மத்தியில் ஒரு தற்காலிக தேசிய அரசு அமையுங்கள், நாட்டின் பாதுகாப்புக்கு முழுதாக ஒத்துழைக்கிறோம் என்றது. அகிம்சையை முன்னிட்டுக் காந்தி விலகி நின்றபோதும் அந்தத் தீர்மானத்தை முன்னால் நின்று நடத்தியவர் ராஜாஜி. பிரதமரை முஸ்லிம் லீக்கே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லும் அளவுக்குப் போனார். அட்லி மே மாதம் கேட்டதும் ராஜாஜி ஜூலையில் கேட்டதும் அடிப்படையில் ஒன்றுதான்: சுமக்கிறோம், ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் நாங்களும் இருக்க வேண்டும். அட்லிக்கு அன்று மாலையே பதில் கிடைத்தது. நமக்கு ஆகஸ்ட் 8-இல் வந்த பதில், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இன்னும் சில இடம், கூடவே ஓர் ஆலோசனைக் குழு. அப்போது இந்தியாவுக்கான அமைச்சர் யார்? சேம்பர்லினைப் போகச் சொன்ன அதே எமரி.

1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் காடும் மலையும் நடந்தே திரும்பினார்கள். ஏப்ரல் 5-இல், நம் ஊர்க் கடைக்காரர்கள் நிறையப் பேர் இருந்த கொழும்பில் குண்டு விழுந்தது. அந்த நேரத்தில்தான் பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் நம் தலைவர்களோடு சமரசம் பேச டில்லிக்கு வந்திருந்தார். பேச்சு முறிந்த இடம் இதுவே. பாதுகாப்புத் துறையில் இந்தியருக்கு எவ்வளவு அதிகாரம், அமைச்சர்கள் உண்மையான அமைச்சரவையாக நடக்கலாமா. இரண்டுக்கும் உறுதியான பதில் வரவில்லை.

ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் வருவதற்குள், தலைவர்களைப் பிடித்து அடைக்க லண்டன் ஒப்புதல் கொடுத்துவிட்டது. சர்ச்சில் அப்போது கெய்ரோவில். அந்தப் போர் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் துணைப் பிரதமர் அட்லி. இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டும் என்று பேசிவந்த கட்சியின் தலைவர். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. தொழிற்கட்சி வெளியே இருந்திருந்தால் அந்தச் சபையில் நமக்காக ஒரு கட்சியே எழுந்து நின்றிருக்கும். உள்ளே போனதால் சில உறுப்பினர்களின் தனிக் குரல்தான் மிச்சம்.

செப்டம்பரில் குலசேகரப்பட்டினம். அன்று அது திருநெல்வேலி ஜில்லா. உப்பளத்துக்கு இரவில் போன இளைஞர்களுக்கும் காவலுக்கு இருந்தவர்களுக்கும் நடந்த மோதலில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். ராஜகோபாலன், காசிராஜன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அது குறைக்கப்பட்டு இருவரும் விடுதலையும் ஆனார்கள். ஓர் உயிர் போனதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பேசக்கூடிய தலைவர் அத்தனை பேரையும் ஒரே நாளில் சிறையில் போட்டுவிட்டு, உப்பளக் கரையில் இருக்கும் இருபது வயதுப் பையன் நிதானமாக நடப்பான் என்று எதிர்பார்த்தது யார்?

தாமிரபரணியில் தண்ணீர் குறைந்த வருஷம் முறை வைக்கிறோம். மேல்மடைக்காரர்கள் எல்லாரும் பகையை மறந்து கூடி ஒரே மனதாக முடிவெடுத்தாலும், கடைமடைக்காரனைக் கூப்பிடவில்லை என்றால் என்ன ஆகும் என்று அம்பாசமுத்திரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கனடாவிலும் இதுதான் நடந்தது. முதல் உலகப் போரின்போது, 1917-இல், பிரதமர் போர்டன் எதிர்க்கட்சி லிபரல்களில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கூட்டரசு அமைத்தார். கட்டாய ராணுவ சேவை அதன் அடிப்படை. அதை எதிர்த்த லிபரல் தலைவர் லோரியே வெளியே நின்றார். டிசம்பர் தேர்தலில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கின் 65 இடங்களில் 62 லோரியேக்கு. அடுத்த வசந்தத்தில் அங்கே தெருவில் துப்பாக்கிச் சூடு.

சரி, 1962. நேருவுக்கு மக்களவையில் 361 இடம் இருந்தது, எண்ணிக்கைக்காக யாரையும் சேர்க்கத் தேவையில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1947-இல் அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி, நீதிக்கட்சியிலிருந்து வந்த சண்முகம் செட்டியார் எல்லாரும் இருந்த அமைச்சரவைதான் முதல் காஷ்மீர் போரை நடத்தியது. 1962-இல் எதிர்க்கட்சிகள் வெளியே இருந்தது நல்லதாகப் போயிற்று என்பது என் வாதம். ராணுவத்துக்குப் போதிய ஆயுதமும் குளிர் உடையும் இல்லாமல் இமயமலைக்கு அனுப்பியது யார் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, காங்கிரஸ்காரர்களே கேட்டார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் நவம்பர் 7-இல் அமைச்சரவையை விட்டே போனார். மறுநாள், போர் நடக்கும்போதே, நாடாளுமன்றம் கூடியது. கூட்டச் சொன்னவர்களில் இளம் வாஜ்பாயியும் ஒருவர். அண்ணா போருக்கு முழு ஆதரவு தந்தார், மந்திரி பதவி கேட்கவில்லை. ஆதரிப்பதற்கு அமைச்சரவையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றில்லை.

பட்டிமன்றத் தலைப்பை மட்டும் மாற்றுங்கள், தம்பி. 'போர்க்கால அரசில் பங்கு கேட்பதா, வெளியே நின்று கேள்வி கேட்பதா' என்று வையுங்கள். இரண்டு பக்கமும் பேசச் சரக்கு இருக்கும். உங்கள் பெரியவரை எந்த அணியிலும் சேர்க்காமல் முதலில் பத்து நிமிஷம் பேச விடுங்கள். தேதி முடிவானதும் சொல்லுங்கள், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், வந்துவிடுகிறேன்.