ஒரு பலகை, நாலு துண்டு: மரவேலை கேள்வி–பதில்

கேள்வி: மரவேலை பழக ஆசை. கையில் ரம்பமும் டிரில்லும் மட்டும் உள்ளன. முதலில் ஸ்டூல் செய்து பார்க்கலாமா?

ஸ்டூல் இப்போது வேண்டாம். நாலு கால்களும் ஆடாமல் தரையில் உட்காருவது பழகிய கைக்கே சோதனை. சுவரில் மாட்டும் சின்னப் பெட்டித் தட்டு ஒன்று செய்யுங்கள்.

18 மி.மீ. கனம், 150 மி.மீ. அகலம், 1,200 மி.மீ. நீளத்தில் ஒரே பலகை போதும். மேலுக்கும் கீழுக்கும் 400 மி.மீ. துண்டுகள் இரண்டு, பக்கங்களுக்கு 164 மி.மீ. துண்டுகள் இரண்டு. 164 என்ன கணக்கு? மேல், கீழ்ப் பலகைகளின் கனம் 36 மி.மீ. அதோடு சேர, வெளி உயரம் சரியாக 200.

நாலு துண்டுகளுக்கும் முன்கூட்டியே கோடு போட்டு வைக்காதீர்கள். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 2 மி.மீ. அளவுக்கு மரத்தைத் தூளாக்கும். அந்த இழப்பு கணக்கில் வராததால் துண்டுகள் குட்டையாகிப்போகும். ஒன்றை அறுத்த பிறகே அடுத்ததைக் குறியுங்கள். இரண்டாவது பக்கத் துண்டுக்கு அளவு நாடாவைத் தொடவே வேண்டாம். முதல் துண்டைப் பலகைமேல் வைத்து அதன் ஓரத்தில் கோடு இழுங்கள். 163 ஆனாலும் 165 ஆனாலும் தட்டுக்குக் கேடில்லை. ஒன்று 163, மற்றது 165 என்றால்தான் வம்பு.

கேள்வி: மேலே கோட்டின்மீதே அறுக்கிறேன். அடியில் பார்த்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது. ஏன்?

ஒரே ஒரு கோட்டைப் பார்த்து அறுப்பதால். மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து மேல்முகத்தில் ஒரு கோடு, அதே இடத்திலிருந்து பலகையின் விளிம்பில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் கண்ணில் படும்படி நின்று அறுக்க வேண்டும். பென்சிலைவிடக் கூரான கத்தியால் கோடு கீறுவது நல்லது; மேல் நார் முன்பே வெட்டுப்பட்டுவிடும், ஓரம் பிய்யாது.

ரம்பத்தைக் கழிவுப் பக்கம், அதாவது துண்டுக்கு வேண்டாத பக்கம், கோட்டை ஒட்டி வையுங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்பு உங்களை நோக்கி, மெதுவாக. ரம்பம் சுமார் 45 பாகை சாய்ந்து ஓடட்டும். வெட்டு விலகினால் கைப்பிடியை முறுக்கித் திருத்தப் பார்க்காதீர்கள், தகடு இறுகிவிடும். வெட்டு விலகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய், அழுத்தாமல் மறுபடி அறுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ முடுக்கும்போது பலகை வெடிக்கிறது. ஸ்க்ரூவை மாற்ற வேண்டுமா?

துளையைக் கவனியுங்கள். ஸ்க்ரூ தனக்கு இடம் பண்ண நாரை இருபுறமும் தள்ளுகிறது. பலகை முனைக்கருகே தாங்க நார் இல்லாததால் பிளந்துவிடுகிறது. இந்தத் தட்டுக்கு 4 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள ஸ்க்ரூ எட்டு, ஒரு மூலைக்கு இரண்டு வீதம். மேல் பலகையில் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் பெரிய துளை. ஸ்க்ரூ அதில் தாராளமாக நுழைய வேண்டும். கீழே வரும் பக்கத் துண்டில் 2.5 மி.மீ. துளை. மேல் துளை இறுக்கமாக இருந்தால் ஸ்க்ரூவின் மரை (சுருள் வரி) இரண்டு பலகையையும் பிடித்துக்கொண்டு, நடுவில் இடைவெளி விட்டுவிடும்; எவ்வளவு முடுக்கினாலும் அது மூடாது.

பசையும் தடவுங்கள். குறுக்கே அறுத்த முகம் பசையை உறிஞ்சிவிடும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, ஓரிரு நிமிடம் கழித்து இன்னொன்று.

கேள்வி: பெட்டி கோணலாக நிற்கிறது. பசை இன்னும் காயவில்லை. சரிசெய்யலாமா?

உடனே செய்யுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். நாம் சொன்ன அளவில் இரண்டும் 447 மி.மீ. அருகே வர வேண்டும். எது நீளமோ அந்த மூலைகளை உள்நோக்கி அழுத்துங்கள். ஸ்க்ரூ இறுகிவிட்டிருந்தால் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு அழுத்தலாம். ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.

கேள்வி: சாயம் பூசியதும் வெளிறிய திட்டுகளும் கீறல்களும் தெரிகின்றன. என்ன தவறு?

வெளிறிய திட்டு, துடைக்காமல் விட்ட பசை. அங்கே சாயம் இறங்காது. கீறல், உப்புத்தாளை நாருக்குக் குறுக்கே ஓட்டியது. 80, 120, 180 எண் தாள்களை வரிசையாக, நார் ஓடும் திசையில் தேயுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முரட்டுத் தாளின் கீறல் அப்படியே தங்கிவிடும்.

சாயத்துக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் கவனிக்க: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது வெப்பம் உண்டாகும். மடிப்புக்குள் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே, ஒற்றைப் படையாக விரித்துக் காயவிடுங்கள்.