செப்டெம்பரில் தொடங்கும் இரவு இருமல்

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. மகனுக்கு 6 வயது. இந்த ஆண்டுதான் முதலாம் வகுப்பு. பாடசாலை தொடங்கிப் பத்து நாட்களுக்குள் தடிமன் பிடித்தது. மூக்குச்சளி ஒரு வாரத்தில் நின்றது, ஆனால் ஒக்டோபர் நடுப்பகுதியாகியும் இருமல் நிற்கவில்லை. அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு எழுந்திருந்து இருமுகிறான். இடைவேளையில் ஓடி விளையாடும்போதும் இருமுகிறான் என்று ஆசிரியை சொன்னார். போன ஆண்டும் இதே காலத்தில் இப்படித்தான் இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது முழங்கை மடிப்பில் கிரந்தி இருந்தது. ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை, மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் நீல நிறப் பம்ப் ஒன்றைத் தந்தார்கள். அதைப் பழக்கினால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது என்று என் அம்மா தடுக்கிறார். அவர் மல்லித்தண்ணீர் கொடுத்து, இரவில் ஆவி பிடிக்க வைத்து, குளிருக்குள் விளையாட விட வேண்டாம் என்று பாடசாலைக்கு எழுதச் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விடயங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒன்று தடிமன், மற்றது, தடிமன் போன பின்னரும் போகாமல் நிற்கும் இருமல். முதலாவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கக் கூடாது.

பாடசாலைக்குச் செல்லத் தொடங்கும் சிறு பிள்ளைக்கு ஓர் ஆண்டில் எட்டு, பத்துத் தடவை தடிமன் வருவது உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதன் அடையாளம் அன்று. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே பென்சில் டப்பாவைப் பகிர்ந்துகொண்டு, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருக்குமிடத்தில் வைரசு ஊர்வலம் போகத்தான் செய்யும். சாதாரணத் தடிமன் தணிவதற்கு ஒரு வாரம், பத்து நாட்கள் ஆகும். அதன் இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது பிடித்துக்கொண்டால் இலையுதிர்காலம் முழுவதும் ஒரே நோய் நீடிப்பதைப் போலத் தோன்றும். சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுவதால் மட்டும் அன்டிபயோட்டிக் தேவை என்று ஆகிவிடாது. அந்த மருந்து பக்டீரியாவை அழிக்குமே தவிர வைரசைத் தொடாது. உங்கள் மகனுக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு தவணையும் இருமலைத் தொடவில்லை என்பதே நமக்கு ஒரு தகவல்தான்.

அவனுக்கு இருப்பது தடிமன் மட்டுமே என்றால் பொறுத்திருங்கள் என்று இரண்டு வரியில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் நான்கு செய்திகள் என்னை நிறுத்தின: இருமல் இரவின் பின்பகுதியில் வருகிறது, ஓடினால் வருகிறது, போன ஆண்டும் இதே மாதங்களில் வந்தது, குழந்தைப் பருவத்தில் முழங்கை மடிப்பில் கிரந்தி, அதாவது பெரும்பாலும் எக்ஸிமா, இருந்தது. இந்த நான்கும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்து இருந்தால் முதலில் ஆஸ்துமாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கோ கணவருக்கோ ஆஸ்துமா, தும்மல் ஒவ்வாமை போன்றவை இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. அதற்கு அவனுடைய நெஞ்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் பலரால் மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையையும் செய்ய முடியும் என்பதால், அதற்கு ஏற்பாடு செய்யுமாறு குடும்ப வைத்தியரிடம் நீங்களே கேட்கலாம்.

ஆஸ்துமா என்றதும் நம்மவர்கள் மனத்தில் வருவது ‘தொய்வு’, ‘முட்டு’ என்ற சொற்களும், தலையணையில் சாய்ந்தபடி இரவு முழுவதும் இழுத்து இழுத்து மூச்சு விடும் முதியவர் ஒருவரின் உருவமும்தான். அந்த உருவத்துக்குப் பொருந்தாத பிள்ளையிடம் அதே நோய் இருக்கலாம் என்று பெற்றோர் நினைப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு விசில் போன்ற இழுப்புச் சத்தம் வெளியே கேட்பதே இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, அதைச் சுற்றியுள்ள தசை இறுகும்போது அவர்களிடம் வெளிப்படுவது வறட்டு இருமல் மட்டுமே. பகல் முழுவதும் நன்றாக விளையாடிய பிள்ளை அதிகாலையில் அரை மணி நேரம் இருமிவிட்டு மறுபடியும் தூங்கிப் போவதால், காலையில் எல்லோரும் அதை மறந்தும்விடுகிறார்கள்.

ஏன் செப்டெம்பரில் தொடங்குகிறது என்பதற்கும் விடை உண்டு. கனடாவில் பிள்ளைகள் ஆஸ்துமாவால் வைத்தியசாலைக்கு வரும் எண்ணிக்கை ஆண்டுதோறும் 38ஆவது வாரத்தையொட்டி, அதாவது செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்து பாடசாலை திறந்து ஏறக்குறைய இரண்டரை வாரத்தில், உச்சத்தைத் தொடுகிறது. முதலில் பாடசாலைப் பிள்ளைகள், சில நாட்களுக்குப் பின் வீட்டிலிருக்கும் இளைய பிள்ளைகள், அதற்கும் பின்னர் பெரியவர்கள் என்ற வரிசையையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். வகுப்பறையில் பரவும், தடிமனைக் கொடுக்கும் ரைனோவைரசு இதில் முதன்மையான காரணம். அத்துடன் தெற்கு ஒன்ராறியோவில் ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து முதல் உறைபனி விழும் வரை ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் காற்றில் இருக்கும். ஈரமான இலைக்குவியலில் பூஞ்சணம் வளரும். அந்தக் குவியலுக்குள் குதிப்பதைவிடப் பெரிய இன்பம் ஆறு வயதுக்காரனுக்கு உலகத்தில் இல்லை. கோடையில் இருமல் இல்லையென்று, ஆஸ்துமாவைத் தடுக்க எடுத்துவந்த மருந்தை நிறுத்திவிட்ட பிள்ளைகள் செப்டெம்பருக்குள் பாதுகாப்பில்லாமல் நுழைகிறார்கள்.

இவற்றோடு நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் சேர்க்க வேண்டும். நவராத்திரியும் தீபாவளியும் வருகிற இதே வாரங்களில்தான் இந்நாட்டில் யன்னல்களைச் சாத்திவிட்டு, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைப் போடத் தொடங்குகிறோம். சாத்திய வீட்டுக்குள் சாம்பிராணியும் கற்பூரமும் ஊதுபத்தியும் புகைகின்றன. நிலவறையில் கறித்தூளுக்கு மிளகாய் வறுபடுகிறது. கோடை முழுவதும் குழாய்களில் படிந்திருந்த தூசியை ஃபேர்னஸ் அறை அறையாக அனுப்புகிறது. பூசையை விடும்படி நான் சொல்லவில்லை. விளக்கை ஏற்றுங்கள், புகையைத் தவிருங்கள். மிளகாய் வறுப்பதை, மகன் பாடசாலையில் இருக்கும் நேரத்தில், வெளியே காற்றை இழுத்துவிடும் விசிறியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஃபேர்னஸ் வடிகட்டியை மாற்றிவிடுங்கள். வீட்டில் யாராவது புகைபிடிப்பவர் இருந்தால், பல்கனியில் நின்று பிடித்தாலும் அது அவருடைய சட்டையோடு உள்ளே வருகிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

இனிப் பம்பைப் பற்றி. இங்குள்ளவர்கள் பஃபர் என்று சொல்லும் இந்தக் கருவி உங்கள் அம்மாவை அச்சுறுத்துவதில் எனக்கு வியப்பில்லை. எனது வைத்திய அறையில் வாரத்துக்கு இரண்டு பேராவது அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நீலப் பம்பில் இருப்பது சல்பியூட்டமோல். இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தி, ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்துவிட்டு உடலை விட்டுப் போய்விடும். அது அடிமையாக்கும் மருந்து அன்று. பம்ப் பிடித்தவர்கள் அதை விட முடியாமல் இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், நீல மருந்து தசையைத் தளர்த்துகிறதே தவிர உள்ளிருக்கும் வீக்கத்தை ஆற்றுவதில்லை என்பதாகும். வீக்கத்துக்குச் சிகிச்சை செய்யாமல் நீலப் பம்பை மட்டும் மீண்டும் மீண்டும் எடுத்தால் நோய் வளர்ந்துகொண்டே போகும். பழி பம்பின் மேல் விழும்.

வீக்கத்தை ஆற்றுவது, சிறிதளவு ஸ்டீரொயிட் அடங்கிய தடுப்புப் பம்ப். ஸ்டீரொயிட் என்ற சொல்லைக் கேட்டதும் பல தாய்மார் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் அளவு மைக்ரோகிராமில் எண்ணப்படுகிறது. பெரும்பகுதி மூச்சுக்குழாயிலேயே வேலை செய்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த பிள்ளைகளின் இறுதி உயரத்தில் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் குறைவு காணப்பட்டிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தூக்கம் கெட்டு, ஓட முடியாமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்வரும் பிள்ளைக்கு நேரும் இழப்போடு ஒப்பிட்டால் அந்த 1 சென்ரிமீற்றரை நான் பெரிதாக நினைக்கமாட்டேன். என் பிள்ளையாக இருந்தாலும் இதையேதான் செய்வேன். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பகலில் அறிகுறி இருப்பது, வாரத்தில் ஓர் இரவாவது இருமலால் எழுவது, வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்ப் தேவைப்படுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றே கொள்ள வேண்டும். உங்கள் மகன் கடிதத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டான்.

கருவியைப் பயன்படுத்தும் முறையில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது. பம்பை நேரடியாக வாயில் வைத்து அழுத்தினால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். ஸ்பேசர் என்ற குழாய் கட்டாயம் வேண்டும். அவனை நேராக உட்கார வையுங்கள். பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்புறத்தில் செருகுங்கள். முன்முனையை அவன் பற்களுக்கிடையில் வைத்து உதட்டால் மூடச் செய்யுங்கள். முகமூடி உள்ள வகையென்றால் மூக்கும் வாயும் இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள். அவன் ஐந்தாறு தடவை மெதுவாக மூச்சு இழுத்து விடட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு அசைவதை நீங்கள் பார்க்கலாம். இரண்டாவது அழுத்தம் தேவையென்றால் ஏறக்குறைய அரை நிமிடம் பொறுத்து, மறுபடியும் குலுக்கிவிட்டுக் கொடுங்கள். விசில் போல ஒலித்தால் அவன் வேகமாக இழுக்கிறான் என்று பொருள். தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் துலக்கும் வேளையோடு அதைச் சேர்த்துவிட்டால் மறக்காது.

அம்மாவின் வைத்தியத்துக்கு வருகிறேன். இளஞ்சூடான மல்லித்தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம், தொண்டைக்கு இதம். படுக்கைக்கு முன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் தடிமன் இருமல் சற்றுத் தணியும். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. கடையில் விற்கும் இருமல் சிரப்புகளை 6 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று கனடா சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் அவற்றால் பெரிய பயனில்லை. ஆவி பிடிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது ஆஸ்துமாவுக்கு உதவாது. போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு உட்காரும் சிறுவன் ஒரு தடவை கால் நீட்டினால் போதும், மடியில் கொட்டிவிடும். அப்படி வெந்த தொடைகளோடு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர் பற்றி அம்மா சொல்வதில் பாதி சரி. குளிர்காற்று தடிமனைக் கொடுப்பதில்லை, வைரசுதான் கொடுக்கிறது. ஆனால் குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். அதற்காக அவனை இடைவேளையில் உள்ளே இருத்தி வைக்கச் சொல்லி எழுதாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடும்படி கழுத்துத்துணியைச் சுற்றி அனுப்புங்கள். விளையாட்டுக்கு முன் நீலப் பம்ப் வேண்டுமா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளை எல்லோரையும் போல ஓட வேண்டும்.

பாடசாலையிலும் ஒரு நீலப் பம்பும் ஸ்பேசரும் இருக்க வேண்டும், அவை பூட்டிய அலுமாரிக்குள் இருக்கக் கூடாது. 2012 ஒக்டோபரில் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் ரையன் என்ற 12 வயது மாணவன் ஒருவன் பாடசாலையில் ஆஸ்துமா கடுமையாகி இறந்தான். அதன் பின் அவனுடைய தாயின் முயற்சியால் 2015இல் நிறைவேறியதே ரையன் சட்டம். பெற்றோரின் அனுமதி இருந்தால் மாணவன் தன் பம்பைத் தன்னிடமே வைத்திருக்க அது இடமளிக்கிறது. உங்கள் மகனின் வயதில் அதை ஆசிரியையின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். மருந்துச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்: தனியார் காப்புறுதி இல்லாத 24 வயது வரையுள்ளோருக்கு மாகாண அரசின் ஓஹிப் பிளஸ் திட்டம் பல ஆஸ்துமா மருந்துகளின் செலவை ஏற்கிறது. இந்த மாதமே வீட்டிலுள்ள அனைவரும் இலவச ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மகனுக்கு இதுவே முதல் தடவையென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும்.

மூச்சு விடும்போது விலாவெலும்புகளுக்கிடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபட்டால், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், நீலப் பம்ப் கொடுத்தும் தணியாவிட்டால் 911ஐ அழையுங்கள்; உதவி வரும் வரை பம்பைத் தொடர்ந்து கொடுங்கள். ஆபத்தா இல்லையா என்று தெரியாத நள்ளிரவுகளில் 811ஐ அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம்.

குடும்ப வைத்தியரிடம் இந்த வாரமே நேரம் எடுங்கள். பகலில் அவர் அறையில் மகன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நெஞ்சும் தெளிவாகக் கேட்கலாம். அதனால் இன்றிரவு அவன் இருமும்போது விளக்கைப் போட்டு, சட்டையை உயர்த்தி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி கைபேசியில் பதிவு செய்யுங்கள். அரை நிமிடம் போதும். கூடவே அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். பம்பைப் பற்றிய கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.