குகைப் புகையும் மனிதனும்: கேள்வி பதில்

கே: காற்று மாசு தொழிற்சாலைகளோடு வந்ததுதானே சார்?

அடுப்போடு வந்தது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுக்கு முந்தைய சாம்பலும் கருகிய எலும்பும் கிடைத்துள்ளன. நம் மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளோ மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் எடுத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டு. அவற்றின் வயதைக் கணிக்க உதவியதே, கூடக் கிடந்த தீயில் சுட்ட கற்கருவிகள்தான்.

கே: புகை அன்றே கலைந்திருக்கும். சுவாசித்ததற்கு என்ன சான்று?

பற்காரை. எச்சிலின் சுண்ணாம்பு பல்லில் இறுகும்போது வாய்க்குள் வந்த தூசியும் உள்ளே சிக்கிவிடும். இஸ்ரேலின் டெல் அவீவுக்குக் கிழக்கே 12 கி.மீ. தொலைவிலுள்ள கெசெம் குகைப் பற்களில் (2 முதல் 4 லட்சம் ஆண்டு) இப்படிக் கரித்துகள்கள் சிக்கியிருந்தன. காரையில் ஒரு சில்லைப் பெயர்த்து, மேற்பரப்பைச் சுத்தம் செய்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கோட்டைவிடும் இடம் அந்தச் சுத்தம்தான்: ஒட்டியிருக்கும் குகை மண்ணிலும் கரி உண்டு. அதனால் மண்ணையும் தனியே சோதித்து ஒப்பிடாத முடிவை நான் ஏற்பதில்லை.

கே: புகை தாங்கும் மரபணு நமக்கு மட்டும் உண்டாமே?

புகை நச்சால் தூண்டப்படும் ஏஎச்ஆர் என்ற புரதத்துக்கான மரபணுவைச் சொல்கிறீர்கள். அந்தப் புரதச் சங்கிலியின் 381ஆம் இடத்தில் நமக்கு வேலின் என்ற அமினோ அமிலம், அழிந்துபோன நம் உறவினமான நியண்டர்தாலுக்கு அலனின் என்ற வேறொன்று. புகை நச்சுக்கு நம்முடையது பல மடங்கு மந்தமாகத் தூண்டப்படுகிறது என்றது 2016 ஆய்வு. ஆனால் 2021இல் டையாக்சின் என்ற நச்சை வைத்துச் சோதித்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொண்டன. இதை நம்பி யாரும் புகையில் உட்கார வேண்டாம். புகையால் வரும் நுரையீரல் நோய் பெரும்பாலும் பிள்ளை பெற்று முடித்த வயதில்தான் முற்றுகிறது. இயற்கைத் தேர்வு அதைக் களைவது கடினம். வீட்டுப் புகையால் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

கே: அம்மா விறகு அடுப்பை விடமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பிரான்சின் லாசரே குகையில் சுமார் 1,70,000 ஆண்டுக்கு முன் அடுப்பு நடுவில் இருந்தது. ஆய்வாளர்கள் அந்தக் குகையைக் கணினியில் உருவாக்கி 16 இடங்களில் அடுப்பை வைத்துப் பார்த்தார்கள். கடைக்கோடியில் வைத்தால் புகை கூரையை ஒட்டியே வெளியேறி மிகக் குறைந்தது. ஆனால் புகைபடாமல் புழங்க வசதியான இடம் நடுவில்தான் வாய்த்தது. உங்கள் வீட்டிலும் புகை கூரையை ஒட்டித்தான் ஓடும். அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு திறப்பு. எதிர்ச் சுவரில் தரையருகே இன்னொன்று. கீழ்த் திறப்பு இல்லாவிட்டால் மேலே போக வேண்டியது அறைக்குள்ளேயே சுழலும். புகைக்குழாய் வைத்தால் கூரை முகட்டைத் தாண்டட்டும், இல்லையேல் காற்று திருப்பித் தள்ளும். விறகைப் பிளந்து நன்றாகக் காயவையுங்கள். பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும்தான் புகை அதிகம். அந்த நேரத்தில் குழந்தை சமையலறையில் இருக்கக் கூடாது.