மரத்தடியில் தேனாக இனிக்கும் ஆப்ரிகாட், தொலைதூரக் கடையில் ஏன் புளிக்கிறது?

பீச், பிளம் பழங்களின் நெருங்கிய உறவு ஆப்ரிகாட். நடுவில் ஒற்றைக் கொட்டை. நல்ல குளிர்காலம் இருந்தால்தான் மரம் ஒழுங்காகப் பூக்கும். இந்தியாவில் லடாக்கின் கார்கில், லே பகுதிகள் இதற்குப் பேர்போனவை. அறுவடை ஜூலை, ஆகஸ்டில்.

முழுதாகக் கனிந்த பழம் விரல் பட்டாலே நசுங்கிவிடும், சீக்கிரம் கெடும். அதனால் தூரத்துக்கு அனுப்புபவை முன்கூட்டியே பறிக்கப்படுகின்றன. சிக்கலே அங்கேதான். வாழைக்காயில் மாவுச்சத்து நிறைய. தாரை வெட்டி வைத்தாலும் அது சர்க்கரையாகி இனிக்கிறது. ஆப்ரிகாட்டில் அப்படிப்பட்ட சேமிப்பு இல்லை. இனிப்பெல்லாம் மரத்திலிருந்தே வர வேண்டும். பறித்தபின் நிறம் மாறும், சதை மெத்தென்றாகும், இனிப்பு மட்டும் ஏறாது.

எனவே பச்சைச் சாயல் இல்லாத, முகர்ந்தால் மணக்கும் பழமாகப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கடிக்காமல் சற்றுப் பொறுத்தால் மணம் நன்றாகத் தெரியும். லடாக் போனால் ரக்சே கார்போ ரகத்தைத் தவறவிடாதீர்கள்: வெள்ளைக் கொட்டை, அபாரமான இனிப்பு. புவிசார் குறியீடும் பெற்றது.

உலர்ந்த ஆப்ரிகாட் பழுப்பாக இருந்தால் கெட்டுவிட்டது என்று பலர் ஒதுக்குகிறார்கள். வெறும் வெயிலில் காய்ந்த பழம் பழுப்பாகத்தான் இருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பதால் நிலைப்பது.