பராக்காக

அன்புள்ள ஐயா,

உங்கள் கதையில் 'பையன் பராக்காக நடந்து வந்தான்' என்று ஒரு வரி. 'கவனமில்லாமல் என்றே எழுதியிருக்கலாமே' என்கிறாள் என் மகள். இரண்டும் ஒன்றுதானா? கட்டியக்காரர் 'பராக், பராக்' என்று கூவுகிறாரே, அது வேறு சொல்லா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றல்ல. கவனமில்லாதவனிடம் கவனமே இல்லை. பராக்காக வருகிறவனிடம் அது நிறையவே இருக்கிறது, வேறு எங்கோ போய்விட்டது.

அந்தப் பையன் கையில் எண்ணெய்த் தூக்கு. வழியில் ஒரு கிணற்றில் தூர் வாருகிறார்கள். கால் வீட்டுப் பக்கம் நடக்கிறது, கழுத்து மட்டும் கிணற்றைப் பார்த்துத் திரும்பியே இருக்கிறது. தூக்கு சாய்ந்து எண்ணெய் கெண்டைக்காலில் வழிவது அவனுக்குத் தெரியவில்லை. சேற்று வாளி எத்தனை முறை மேலே வந்தது என்று கேளுங்கள், சரியாகச் சொல்வான்.

வேடிக்கை பார்ப்பது இதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் வேடிக்கை பார்ப்பவனுக்கு வேறு வேலை இருக்க வேண்டியதில்லை. பராக்குப் பார்ப்பவனுக்குக் கையில் ஒரு வேலை உண்டு. அசட்டை இன்னும் தள்ளி நிற்கிறது. அசட்டையாக இருப்பவனுக்கு வேலை தெரியும், மதிப்புதான் இல்லை. அவனை அம்மா எளிதில் மன்னிக்க மாட்டாள். இவனுக்கு ஒரு குட்டு வைத்துவிட்டு, 'அப்படி என்னடா அங்கே?' என்று கேட்பாள்.

வேர் சமஸ்கிருதம். பராக் என்றால் வெளிப்பக்கம் திரும்பியது, அப்பால் நோக்கியது. புலன்கள் வெளியே பார்த்தபடி திறக்கப்பட்டவை, அதனால் மனிதன் உள்ளே பார்ப்பதில்லை என்று கட உபநிடதம் சொல்லும் இடத்தில் வருவதும் இந்தச் சொல்தான். தெலுங்கில் பராகு. யாழ்ப்பாணத்தில் பிராக்கு: 'பிராக்குப் பாக்காமல் நட.' குழந்தைக்குப் பராக்குக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அங்கே இந்தச் சொல்லில் திட்டே கிடையாது.

அப்புறம் கட்டியக்காரர். அவர் வாயில் இதற்கு நேர் எதிர்ப் பொருள்: கவனி! ஆனால் அதை வேறு சொல் என்று நான் பிரிக்க மாட்டேன். அவையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதானே அந்தக் குரல் தேவைப்படுகிறது? 'தூக்கம், தூக்கம்!' என்று சொல்லியே ஒருவனை எழுப்புவது மாதிரி, அந்த நிலையின் பெயரே அதைக் கலைக்கும் கூவலாகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

மகளிடம் சொல்லுங்கள், வரியை மாற்றப் போவதில்லை. 'கவனமில்லாமல்' என்று எழுதினால் கதையிலிருந்து கிணற்றையே எடுத்துவிட வேண்டியிருக்கும்.