மூத்த மென்பொருள் பொறியியலாளரை நேர்முகத்தில் எப்படித் தெரிவு செய்வது?

திருகோணமலையில் ஆறு பேரோடு நடக்கும் உங்கள் நிறுவனத்துக்கு ஒரு மூத்த பொறியியலாளரை எடுக்க என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வெள்ளைப்பலகையில் எழுதித் தீர்க்கச் சொல்லும் அந்தக் கோடிங் புதிர்களை விடுங்கள். பைனரி மரத்தை, அதாவது தரவை இரண்டிரண்டு கிளையாக அடுக்கும் அமைப்பை, தலைகீழாக்கச் சொன்னால், போன மாதம் அதைப் பாடமாக்கிய பெடியன் பத்து வருடம் வேலை செய்தவரை வென்றுவிடுவான்.

உங்களிடம் உண்மையாக நடந்த கோளாறு ஒன்றைக் கொடுங்கள். நான் கொடுப்பது நிலாவெளி விடுதி ஒன்றின் முன்பதிவுச் செயலி: ஒரே அறை, ஒரே இரவு, இரண்டு பேருக்குப் பதிவாகிவிட்டது. நேர்முகத்துக்கு வந்த ஒருவர் உடனே கோட் தட்டத் தொடங்கினார். இன்னொருவர், "இரண்டு கோரிக்கையும் ஒரே நொடியில் வந்தால் தரவுத்தளத்தில் எது தடுக்கும்? காசு கட்டினவருக்கு யார் கோல் எடுத்தது?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்காகவே அவரை எடுத்தேன்.

அப்புறம், எல்லோரிடமும் ஒரே கேள்விகள். கலந்து பேசமுன் நேர்முகம் எடுப்பவர் ஒவ்வொருவரும் புள்ளியை எழுதிவிட வேண்டும். உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரின் 1998 ஆய்வுத் தொகுப்பில் வேலைத்திறனோடு இப்படியான நேர்முகத்தின் தொடர்பு 0.51 (1 என்றால் முழுத் தொடர்பு), அனுபவ வருடங்களுடையது வெறும் 0.18. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் முதல் எண்ணைக் குறைத்துக் கணித்தார்கள், ஆனாலும் நேர்முகம் முன்னணியில்தான் நிற்கிறது.

சம்பளத்தை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கொழும்புச் சம்பளத்தோடுதான் ஒப்பிடுவார்கள்.