மியூசியம் பாடத்துக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. அறிவியல், வரலாறு இரண்டுக்கும் இணையத்தில் மியூசியம் பார்த்து எழுதி வரச் சொல்கிறார்கள் பள்ளியில். ஒரு 360 டிகிரி சுற்றுலாவைத் திறந்து காட்டினேன். பத்து நிமிடத்தில் இருவரும் எழுந்து போய்விட்டார்கள். இப்போது ஒரு நிறுவனம், "நூற்றுக்கணக்கான மியூசியங்கள், முழுப் பாடத்திட்டம், முடிவில் சான்றிதழ்" என்று சொல்லி ஒரு வருடச் சந்தா கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது" என்று அவர்கள் உங்களை அவசரப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகள் எழுந்து போனதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சுற்றுலா காட்டுவது கட்டடத்தை. அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடத்துக்குப் போகலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போனால் படம் மங்கிவிடும், பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. எட்டு வயதுப் பையன் அதில் பத்து நிமிடம் உட்கார்ந்ததே பெரிது. நீங்கள் தேட வேண்டியது மியூசியத்தின் தளத்தில் 'கலெக்‌ஷன்' என்று இருக்கும் பகுதியை. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் உண்டு: பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படம், எதனால் செய்தது, எந்தக் காலம், எங்கே கிடைத்தது, நீளம், உயரம், மியூசியம் அந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு எண். ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும். இரண்டாவது பொருளைத் திறக்காதீர்கள்.

ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் நீல நிறத்தில் ஒரு சின்ன நீர்யானைச் சிலை இருக்கிறது. 'வில்லியம்' என்பது செல்லப்பெயர். எகிப்தில் ஒரு கல்லறையில் கிடைத்தது, வயது சுமார் 3,900 ஆண்டுகள். படத்தைத் திறந்து வைத்துவிட்டு, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உடம்பில் தாமரை வரைந்திருப்பதைப் பையன்தான் முதலில் பார்ப்பான். நீர்யானை மேல் எதற்குப் பூ என்று கேட்பான். அது வாழும் நீர்நிலையையே அதன் தோலில் வரைந்திருக்கிறார்கள். அடுத்து நிறம். பொடித்த குவார்ட்ஸ் கல்லைக் குழைத்து உருவம் செய்து சுட்டிருக்கிறார்கள், அந்த நீலம் செம்பு தந்தது. உங்கள் மகளின் வேதியியல் இங்கே ஆரம்பிக்கிறது. அப்புறம் கால்களுக்கு வாருங்கள். நான்கில் மூன்று, பிற்காலத்தில் செய்து பொருத்தியவை. மறுமையில் இறந்தவரை அந்த விலங்கு தாக்கிவிடக் கூடாது என்று கல்லறையில் வைக்கும்போதே கால்களை உடைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஒரு பொம்மைக்குப் பயந்து காலை உடைத்தார்களா என்று இருவரும் வாயைப் பிளப்பார்கள். அந்த நொடியில் நீங்கள் எகிப்தைப் பற்றி எது சொன்னாலும் மனதில் நிற்கும். கடைசியில் பதிவு எண்ணைக் காட்டுங்கள்: 17.9.1. அந்த 17, அது மியூசியத்துக்கு வந்த 1917-ஐக் குறிக்கிறது.

இந்த நீர்யானையின் நீளம் 20 செ.மீ. மட்டுமே. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், திரையில் எல்லாப் பொருளும் ஒரே அளவில்தான் தெரியும். மொகஞ்சதாரோவின் 'நடன மங்கை' வெண்கலச் சிலையின் படத்தைக் காட்டி, எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கையை இடுப்புக்கு மேலே உயர்த்திக் காட்டாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. உண்மையில் 10.5 செ.மீ., உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். அதனால் நூலும் அளவுகோலும் இல்லாமல் உட்காராதீர்கள். பக்கத்தில் உள்ள அளவைப் படித்து, அந்த நீளத்துக்கு நூலை வெட்டித் தரையில் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பொருளுக்கும் இதேதான். நிலவுக்குப் போன அப்போலோ 11-இன் கலம் 'கொலம்பியா'வை ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க மியூசியக் குழுமம் முப்பரிமாணத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறது. அடிப்பகுதியின் விட்டம் 3.9 மீட்டர். 1.95 மீட்டர் கயிற்றை ஒருவர் நடுவில் பிடிக்க, இன்னொருவர் சுற்றி வந்து சாக்பீஸால் வட்டம் போடட்டும். அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்து பாருங்கள். 1969 ஜூலை 16 முதல் 24 வரை, இருவர் நிலவில் இறங்கப் போன நேரம் தவிர, மூன்று பேர் அதற்குள்தான் இருந்தார்கள், இருக்கைகள், கருவிகள் எல்லாம் போக மீதி இடத்தில். படத்தைச் சுழற்றி உள்ளே போனால், நாட்களை அடித்துக்கொண்டே வந்த கையெழுத்து நாட்காட்டி தெரியும். 'நாற்றமடிக்கும் கழிவு' என்று ஒரு பெட்டி மேல் எழுதி வைத்திருப்பதும் தெரியும். பையன் அதை ஊர் முழுக்கச் சொல்வான், சொல்லட்டும்.

சரி, சந்தா கேட்பவர்களுக்கு வருகிறேன். மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் சுமார் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண வடிவங்களையும் அப்படியே விட்டது. உங்களிடம் விற்கப்படுவதில் பெரும்பங்கு இப்படி இலவசமாகக் கிடைப்பதுதான். இவர்கள் செய்வது, படத்தை இறக்கி, மேலே தங்கள் சின்னத்தைப் போட்டு, கீழே நான்கு 'சரியா தவறா' கேள்வி சேர்ப்பது. சட்டப்படி இதில் தடை இல்லை, அதனால் யாரிடமும் போய்ப் புகார் சொல்லவும் முடியாது. என் கோபம் வேறு. சின்னம் ஒட்டும்போது இவர்கள் வெட்டி எறிவது அளவையும் பதிவு எண்ணையும்தான். அவை இரண்டும் போனால் பிள்ளைக்கு மிஞ்சுவது வெறும் படம். பணம் கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பொருளின் பதிவு எண் என்ன?" சொன்னால், அந்த எண்ணை அந்த மியூசியத்தின் தளத்திலேயே போட்டுத் தேடுங்கள். வந்தால் உங்களுக்கு இலவசமாகவே கிடைத்துவிட்டது. வரவில்லை என்றால் அதைப் பிள்ளைக்குக் காட்டாதீர்கள். இப்போது ஏ.ஐ. வரைந்த 'பழம்பொருட்கள்' ஏராளமாகச் சுற்றுகின்றன, உண்மையானதை விடப் பளபளப்பாக. லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் பல தலைமுறைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்த 'டிப்பி' டைனோசர் கூட எலும்பு இல்லை, 1905-இல் நிறுத்திய பிளாஸ்டர் வார்ப்பு. ஆனால் அதை வார்ப்பு என்று மியூசியமே சொல்கிறது. நேர்மை என்றால் அது.

சான்றிதழுக்கு எந்த மதிப்பும் கிடையாது. பிள்ளையின் முகப் படம், பிறந்த தேதி, உங்கள் போன் நம்பர் கேட்கும் ஆப்பை அந்த இடத்திலேயே மூடுங்கள். படம் பார்க்க இதெல்லாம் எதற்கு?

பணம் கொடுக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று உண்டு: மியூசியமே நடத்தும் நேரடி வகுப்பு. நேரடி என்றால், அந்த நேரத்தில் மறுமுனையில் மியூசியத்தின் கல்வியாளர் ஒருவர் இருக்க வேண்டும். பதிவு செய்த வீடியோ நேரடி ஆகாது. மியூசியம் என்றால் மியூசியம்தான், "எங்களோடு இணைந்து" என்று சொல்லும் மூன்றாவது ஆள் இல்லை. பதிவும் பணமும் மியூசியத்தின் சொந்தப் பக்கத்தில் நடக்க வேண்டும். கேமரா முன்னால் பொருளோ அதன் அசல் அளவு மாதிரியோ இருக்க வேண்டும், பிள்ளை "திருப்பிக் காட்டுங்கள்" என்றால் அவர் திருப்பிக் காட்ட வேண்டும். நூறு பேர் மைக் அடைத்து உட்காரும் கூட்டம் இதில் சேராது. முன்பதிவுக்கு முன், "எந்தப் பொருளைக் காட்டப்போகிறீர்கள், எத்தனை பேர், கேள்வி கேட்கலாமா?" என்று எழுதிக் கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் கட்டுங்கள். அதற்கும் முன், வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பள்ளிகளுக்கு இப்படிப்பட்ட வகுப்பை இலவசமாகத் தரும் மியூசியங்கள் உண்டு, பள்ளி கேட்பதில்லை.

பள்ளி என்றதும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரு பள்ளியில் பிள்ளைகள் எழுதிய மியூசியம் நோட்டுகளைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே பத்து வரி, ஒரே ஸ்கிரீன்ஷாட். எந்தப் பொருளின் பெயரையும் ஒரு பிள்ளையால் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் மட்டும் முழுசாகப் போட்டிருந்தார்கள். மியூசியங்களும் குறைந்தவை இல்லை. முகப்பில் டிக்கெட்டும் கடையும் பெரிதாக இருக்கும், பொருட்களின் பக்கம் மூன்று கிளிக் தள்ளி ஒளிந்திருக்கும், தேடுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அதனால் தேடும் வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். முந்தின இரவே நீங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்து, விவரத்தைப் படித்து வைத்துக்கொண்டு, உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள்.

நோட்டில் எழுதித் தர வேண்டுமே என்ற கவலைக்கு: நீர்யானையைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு, கீழே 17.9.1. பத்து வரி இல்லையே என்று ஆசிரியர் கேட்டால், அந்த எண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.